நூற்றுத் தொண்ணூற்றாறு படிகள்

ஜனவரி 14

அக்காவுக்கு,

போனை வைத்தது நீ. பதினோரு மாதம் ஆகிறது. நான் மறுபடி கூப்பிட்டால் மறுபடி வைப்பாய், நானும் பதிலுக்கு எதையாவது சொல்லித் தொலைப்பேன். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்கு முன்னால் ஒருமுறை படித்துவிடுவாய். உன்னை எனக்குத் தெரியும்.

சமாதானம் பேச எழுதவில்லை. "அந்த இரும்புக் கூண்டு உன் பிள்ளைங்கள விடப் பெருசா?" என்று நீ கேட்டதற்கு இன்னும் என்னிடம் கோபம்தான் இருக்கிறது. எனக்கு உன்னிடமிருந்து ஒரு பொருள் வேண்டும், அவ்வளவுதான்.

போன வெள்ளிக்கிழமை துறைமுகத்தில் தகுதித் தேர்வு. கிரேன் ஓட்டுகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை தரையிலிருந்து உச்சியில் உட்கார்ந்து ஓட்டுகிற கூண்டு வரைக்கும் படியில் ஏறிக் காட்ட வேண்டும். லிஃப்ட் இருக்கிறது. ஆனால் லிஃப்ட் நின்றுபோனால் தாங்களாக ஏறி இறங்கத் தெரியாதவர்களுக்கு மேலே இடமில்லை என்பது விதி. ஏழு தளம், நூற்றுத் தொண்ணூற்றாறு படி. இடுப்பில் பாதுகாப்புப் பட்டை, முதுகில் பத்து கிலோ பை. நான்கு நிமிடத்துக்குள் மேலே போக வேண்டும். போய் உட்கார்ந்து இரண்டு நிமிடம் கழித்து நாடி பிடிப்பார்கள். நூற்றுப் பத்துக்குக் கீழே இருக்க வேண்டும்.

சின்னவன் பிறந்த பிறகு எனக்கு இதுதான் முதல் தேர்வு. வேலைக்குத் திரும்பியதிலிருந்து ஒவ்வொரு வருடமும் காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். இந்த முறை விடவில்லை. முதல் மூன்று தளத்தைப் பாய்ந்து ஏறினேன், கீழே நின்றவர்கள் கைகூடத் தட்டினார்கள். ஐந்தாவது தளத்தில் கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. மேலே போய்ச் சேர ஆறு நிமிடம் ஆயிற்று. நாடி நூற்று நாற்பத்தெட்டு.

தொண்ணூறு நாள் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் தேறாவிட்டால் கீழேயே, பெட்டி எண் குறிக்கிற மேசையில், நிரந்தரமாக. இப்போதும் அந்த மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். இந்தத் தாள்கூட அங்கே வீணாய்ப் போனதுதான்.

எங்கள் மேற்பார்வையாளருக்கு 'விசில்' என்று பட்டப்பெயர். கழுத்தில் எப்போதும் ஒன்று தொங்கும். அவர் சொல்கிறார், "பிள்ளகுட்டிக்காரி, உனக்கு எதுக்கும்மா மேல ஏறுற வேல? கீழயே நிம்மதியா இரேன்." என் வீட்டுக்காரரும் பஸ் ஓட்டிக் களைத்து வந்து அதையேதான் கொஞ்சம் அன்பாகச் சொல்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மேலே போனால் நான் யாருக்கும் அம்மா இல்லை, யாருக்கும் மருமகள் இல்லை. முப்பது டன் பெட்டியைக் கப்பலிலிருந்து தூக்கி லாரியில் சத்தமில்லாமல் வைக்கிற ஆள். அந்த ஆளை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நீ ஓடிக்கொண்டிருந்த காலத்தில் உன் கோச் எழுதிக் கொடுத்த நீல அட்டை நோட்டு ஒன்று இருந்தது. தினமும் என்ன செய்வது, எப்படி மூச்சு விடுவது என்று எல்லாம் அதில் இருக்கும். அதை அனுப்பு.

தங்கச்சி


ஜனவரி 23

தங்கச்சிக்கு,

கிழிக்கவில்லை. மருந்துக் கடையில் உட்கார்ந்து டாக்டர்கள் கையெழுத்தையே படிக்கிறவள் நான். உன் கையெழுத்து எம்மாத்திரம்.

நோட்டு இல்லை. எப்போதோ எரித்துவிட்டேன். படி ஏறுவதற்கு நோட்டு எதற்கு? காலைத் தூக்கி வைத்தால் ஏறிவிடும்.

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். அந்த மேசைக்கு என்ன குறை? மேலே ஃபேன், கீழே நாற்காலி, ஐந்து மணிக்கு வீடு. பிள்ளை பெற்றவளுக்கு உடம்பு கடைசி வரிசையில்தான் நிற்கும். முதலில் பிள்ளைகள், அப்புறம் வேலை, அப்புறம் வீட்டில் இருக்கிற பெரியவர்கள், அப்புறம் துவைக்கிற துணி. அதெல்லாம் முடிந்து நம் முறை வரும்போது கதவைச் சாத்திவிடுவார்கள். நான் குறை சொல்லவில்லை, நிலவரம் சொல்கிறேன். தினமும் என் கவுண்டருக்கு எதிரே நம் வயசுப் பெண்கள் வந்து நிற்கிறார்கள். மாமனாருக்கு மருந்து, பையனுக்குச் சத்து டானிக், வீட்டுக்காரருக்கு வலி தைலம். "உங்களுக்கு?" என்று கேட்டால் சிரிக்கிறார்கள்.

அத்தான் நலம். என் பிள்ளைகள் இரண்டும் என்னைவிட உயரமாகிவிட்டன. இதையெல்லாம் நீ கேட்கவில்லை, இருந்தாலும்.

கடையில் விற்காமல் கிடந்த பட்டை ஒன்றை அனுப்புகிறேன். கையில் கட்டிக்கொண்டால் எத்தனை அடி நடந்தாய், எந்த நேரத்தில் அதிகம் நடந்தாய் என்று காட்டும். தூக்கிப் போட மனசு வராததால்தான் அனுப்புகிறேன். வாராவாரம் எண்ணிக்கையை எழுது. வாய்ச் சவடால் வேண்டாம்.

அக்கா


பிப்ரவரி 2

அக்காவுக்கு,

பட்டை வந்தது. விற்காத சரக்கைத் தலையில் கட்டியதற்கு நன்றி.

ஐந்து மணிக்கு எழுந்து நடக்கலாம் என்று முதல் நாள் அலாரம் வைத்தேன். அலாரம் அடித்ததும் சின்னவன் எழுந்துவிட்டான். அவனை மறுபடி படுக்க வைக்கிறேன் என்று போய் நானும் படுத்துவிட்டேன். இரண்டாம் நாள் அவன் எழவில்லை, பெரியவள் எழுந்து "அம்மா, என் அறிவியல் படம் ஒட்டணும், மறந்துட்டேன்" என்று நின்றாள். நேரத்தை நாம்தான் ஒதுக்கிக்கொள்ள வேண்டும் என்று யாரோ ஒரு மகராசி பேசுவதைக் கேட்டேன். அவள் வீட்டுக் கழிவறைக் கதவை யாரும் தட்டுவதில்லை போலிருக்கிறது.

சரி, எண்ணிக்கை கேட்டாய். திங்கள் 4,100. செவ்வாய் 3,800. புதன் 17,300. வியாழன் 19,850. வெள்ளி 18,400. அதிகம் நடந்த நேரம் பிற்பகல் மூன்றிலிருந்து நான்கு, அந்த ஒரு மணி நேரத்தில் மட்டும் ஆறாயிரம். எப்படி? வாய்ச் சவடாலா இது?

தங்கச்சி


பிப்ரவரி 10

தங்கச்சிக்கு,

பிற்பகல் மூன்றிலிருந்து நான்கு வரைக்கும் நீ மேசையில் உட்கார்ந்து பெட்டி எண் குறித்துக்கொண்டிருப்பாய். நீயே எழுதியிருக்கிறாய். அந்த ஒரு மணி நேரத்தில் ஆறாயிரம் அடி ஓடியது யார்? உன் சின்னவன் போகிற காப்பகத்தில் அது விளையாட்டு நேரம் இல்லையா? பட்டையை அவன் காலில் கட்டி அனுப்பிவிட்டு எண்ணிக்கையை எனக்கு எழுதுகிறாய். மூன்று வயசுப் பிள்ளை காலை வைத்து யாரை ஏமாற்றப் பார்க்கிறாய்? நாடி பிடிக்கிற டாக்டர் முன்னால் அவனையா கொண்டுபோய் உட்கார வைப்பாய்?

எனக்குக் கோபம் வந்தால் எண்ணிக்கை தப்பும். இன்று ஒரு அம்மாவுக்குப் பத்து மாத்திரைக்குப் பன்னிரண்டு எண்ணிக் கொடுத்துவிட்டேன். நீ எதில் வேண்டுமானாலும் புளுகு. ஓட்டத்தில் புளுகாதே. ஒரு சுற்று குறைத்து ஓடிவிட்டு முழுதும் ஓடினதாகச் சொன்ன ஒருத்தியோடு நான் ஒரு வருஷம் பேசாமல் இருந்திருக்கிறேன்.

நீ ஒரு பொய் சொன்னாய், நானும் ஒன்று சொன்னேன். நோட்டை எரிக்கவில்லை. இருக்கிறது. பீரோவில், குளிருக்குப் போடுகிற துணிகளுக்கு அடியில்.

இதையும் கேட்டுக்கொள். கல்யாணத்துக்காக நான் ஓட்டத்தை விட்டேன் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். வீட்டில் எல்லோரும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள், நானும் திருத்தவில்லை. நான் விட்டது அதற்கு நான்கு வருஷம் முன்னால். அப்பா போன பிறகு அம்மா தொழிற்சாலையில் மாலை ஷிஃப்ட்டுக்கு மாறினாள். நாலரைக்கு உன் பள்ளிக்கூடம் விடும். நாலரைக்குத்தான் என் பயிற்சி. உனக்கு ஏழு வயசு. அம்மா என்னிடம் கேட்கக்கூட இல்லை, "நாளைலேருந்து நீ போயி அவளக் கூட்டிட்டு வந்துடு" என்றாள். நோட்டின் கடைசித் தேதி அந்த நாள்தான். அதற்குப் பிறகு காலிப் பக்கம்.

நான் விட்டது உனக்காக. நீ எதையும் யாருக்காகவும் விட மாட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அந்த இரும்பு மேலே ஏறுகிறாய். நான் போனை வைத்தது ஏன் என்று இப்போதாவது தெரிந்துகொள். எனக்குப் பொறாமை. எழுதிவிட்டேன், இனி அழிக்கப் போவதில்லை.

அக்கா


பிப்ரவரி 19

அக்கா,

மேசையில் வைத்துத்தான் படித்தேன். விசில் வந்து "என்னம்மா, வீட்ல ஏதாவது?" என்றார். தூசி என்றேன்.

பட்டை விஷயத்தில் நீ சொன்னது சரி. முதல் நாள் அவன் அழுகையை நிறுத்தத்தான் கட்டிவிட்டேன். சாயந்திரம் எண்ணிக்கையைப் பார்த்ததும் புத்தி கெட்டுவிட்டது. உன்னிடம் ஒரு வாரமாவது ஜெயிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் ஒன்று, அவன் வீட்டில் ஓடிய அடியெல்லாம் என் பேரில்தான் எழுத வேண்டும். துரத்தியது யார்?

எனக்காக நீ விட்டாய் என்பது தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? ஏழு வயசில் ஒன்றும் செய்திருக்க முடியாது. மன்னிப்புக் கேட்கச் சொன்னால் கேட்க மாட்டேன். என்னைக் கேட்டு யாரும் எதையும் செய்யவில்லை. அந்தக் கோபத்தை நீ அம்மாவிடம் காட்டியிருக்க வேண்டும், அவள் ஐம்பத்து மூன்றிலேயே போய்விட்டாள். அதனால் மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான். சரி, காட்டு. தாங்குவேன்.

ஆனால் நீ ஓட்டத்தை விட்டாய் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். பள்ளிக்கூட வாசலில் என் பையையும் வாங்கி உன் தோளில் மாட்டிக்கொள்வாய். "முப்பது எண்ணுவேன், அதுக்குள்ள எவ்வளவு தூரம் ஓட முடியுமோ ஓடு" என்பாய். நான் ஓடுவேன். நீ சத்தமாக எண்ணுவது பின்னால் கேட்கும், அப்புறம் உன் செருப்புச் சத்தம் கேட்கும், அச்சகத்து மூலைக்கு முன்னால் பிடித்துவிடுவாய். மறுபடி முப்பது. வீடு வரைக்கும் இப்படித்தான். மழையிலும் ஓடினோம். மூன்று வருஷம் தினமும் என்னைத் துரத்தியவள் நீ. இரண்டு பையோடு! அதற்குப் பேர் ஓட்டம் இல்லை என்றால் வேறு என்ன? நோட்டில் நீ எழுதவில்லை, அது உன் சோம்பேறித்தனம்.

நேற்று பெரியவளிடம் அதையே சொன்னேன். "முப்பது எண்ணுவேன், ஓடு." எட்டு வயசு, நம்ப மாட்டாமல் பார்த்தாள். அப்புறம் ஓடினாள் பார், பிடிக்கவே முடியவில்லை. வீட்டு வாசலில் நான் முழங்காலில் கை வைத்துக்கொண்டு நின்றபோது, "அம்மா, பையக் குடு, நான் தூக்கிட்டு வர்றேன்" என்றாள். பாவம் பார்த்துத்தான் சொன்னாள். எனக்கு உள்ளே சுருக்கென்றது. கொடுக்கவில்லை. எங்கள் வீடு ஆறாவது மாடி, நூற்றெட்டுப் படி. அவள் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஏறினேன், நான்கு இடத்தில் நின்று.

நோட்டை அனுப்பு.

தங்கச்சி


பிப்ரவரி 23

தங்கச்சிக்கு,

நோட்டை அனுப்ப மாட்டேன். அது என்னுடையது. வேண்டியதைப் பார்த்து எழுதுகிறேன்.

ஆறு மாடியைத் தினமும் இரண்டு தடவை ஏறு. ஒரே மூச்சில் வேண்டாம், பிரித்து ஏறு. பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது ஒன்று, குப்பை கொட்டிவிட்டு வரும்போது ஒன்று. தனியாக நேரம் தேடாதே, கிடைக்காது. எப்படியும் செய்துதான் தீர வேண்டிய வேலையில் பிடித்துக்கொள். பத்தாவது நாளிலிருந்து பையில் கனம் சேர். மூச்சை மூக்கால் இழுத்து இரண்டு படிக்கு ஒருமுறை வாயால் விடு. வாயைப் பிளந்துகொண்டு ஏறினால் நாடி இறங்காது.

அச்சகத்து மூலைக்கு முன்னால் பிடித்துவிடுவேன் என்று எழுதியிருக்கிறாய். தப்பு. கடைசி வருஷம் உன்னைப் பிடிக்க முடியவில்லை. விட்டுக்கொடுக்கிற மாதிரி நடித்தேன்.

அக்கா


மார்ச் 17

அக்கா,

இந்தக் கடிதத்தோடு எல்லாம் முடிந்தது என்று வைத்துக்கொள்.

நீ சொன்னபடி பன்னிரண்டு நாள் ஏறினேன். பெரியவள்தான் கண்காணிப்பு. ஒவ்வொரு தடவை ஏறி முடித்ததும் மாடிக் கைப்பிடியில் ஒரு துணி கிளிப் மாட்டுவாள். இருபத்து நான்கு கிளிப் வரிசையாக நின்றது. கீழ்வீட்டுக்காரர், தன் வீட்டுக் கிளிப் காணவில்லை என்று என் கிளிப்பையெல்லாம் சந்தேகமாகப் பார்த்துவிட்டுப் போனார். இரண்டாவது வாரம் வழியில் ஒரே ஒரு இடத்தில்தான் நின்றேன்.

அப்புறம் சின்னவனுக்குக் காய்ச்சல். ஆறு நாள். மூன்றாம் நாள் தொண்டையில் எதுவும் இறங்கவில்லை, மருத்துவமனையில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். இப்போது தேவலை, எழுந்து உட்கார்ந்து என் காதைப் பிடித்து இழுக்கிறான். வீட்டுக்காரர் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு பாதி நேரம் பார்த்துக்கொண்டார், பொய் சொல்லக்கூடாது. ஆனால் விடுப்புச் சொல்லப் போனபோது காப்பக வாசலில் இரண்டு அம்மாக்கள் பேசிக்கொண்டது என் காதிலேயே விழுந்தது. "பிள்ளைக்கு இப்படி இருக்கு, அவ என்னடான்னா மூட்டையத் தூக்கிட்டு மாடி ஏறிட்டுத் திரியுறா." திரும்பி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அன்றைக்குத் தெம்பில்லை.

இன்று காலையில் ஏறிப் பார்த்தேன். மூன்றாவது மாடியில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் போச்சு. இருபத்து மூன்று நாள்தான் இருக்கிறது. விசில் மேசை வேலைக்கு நிரந்தரக் காகிதம் தயாராக வைத்திருக்கிறார். "கையெழுத்துப் போட்டுட்டா ரெண்டு பேருக்கும் நிம்மதி" என்கிறார். பேனாவை எடுத்தேன் அக்கா. எடுத்து மூடியைக் கழற்றிவிட்டேன். அப்புறம் பேனாவில் மை இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நாளைக்கு மை இருக்கும்.

தங்கச்சி


மார்ச் 21

தங்கச்சிக்கு,

விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டுவிடாதே. போட்டிருந்தால் போய்க் கிழி.

ஆறு நாளும் நீ சும்மாவா இருந்தாய்? பன்னிரண்டு கிலோ பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு விடிய விடிய நடந்திருப்பாய். மருத்துவமனையில் வார்டுக்கும் மருந்தகத்துக்கும் எத்தனை தடவை ஓடியிருப்பாய்? அது எதுவும் எங்கேயும் போய்விடாது, காலில்தான் இருக்கிறது. உனக்கு இப்போது வேண்டியது தூக்கம். மூன்று நாள் தூங்கு. கிளிப்பைத் தொடாதே. நான்காம் நாள் ஏறு.

அந்த இரண்டு அம்மாக்களும் என் கடைக்கு வருகிறவர்கள் மாதிரிதான். அவர்கள்மேல் கோபப்படாதே. அவர்களுக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. எனக்கும்தான்.

சொல்ல வேண்டாம் என்றிருந்தேன். இரண்டு வருஷமாக எனக்கு ரத்த அழுத்தம். காலையில் ஷட்டரைத் திறந்ததும் அலமாரியில் மூன்றாவது தட்டிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்கிறேன். அத்தானுக்குத் தெரியாது. "நடங்க" என்று டாக்டர் சொன்னார். "நேரமில்ல டாக்டர்" என்றேன். அம்மாவுக்கும் இதேதான் இருந்தது, அவளும் இதையேதான் சொன்னாள். எனக்கு நாற்பத்து மூன்று. அவள் போன வயசுக்கு இன்னும் பத்துதான். உன் நாடி நூற்று நாற்பத்தெட்டு என்று முதல் கடிதத்தில் படித்தபோது எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்தது. அதனால்தான் மேசை நல்லது என்று எழுதினேன். மேசை நல்லதில்லை. நான் இருபது வருஷமாக மேசைக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

கோச் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிய ஒரு வரியை மட்டும் உனக்குத் தராமல் வைத்திருந்தேன். நான் ஜெயித்தது எல்லாம் அந்த ஒரு வரியால்தான். "முதல் பாதியில் உன்னைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்க வேண்டும்." பாய்ந்து ஏறாதே. ஆமை மாதிரி போ. கைதட்டினால் நீ வேகமாகப் போகிறாய் என்று அர்த்தம். சிரித்தால் சரியாகப் போகிறாய்.

அக்கா


ஏப்ரல் 10

அக்கா,

உன் கடிதம் வரும்வரை விசிலிடம் பேனாவில் மை இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தேன், கையெழுத்துப் போடவில்லை. நேற்று தேர்வு. வரிசையாகச் சொல்கிறேன், குறுக்கே கடைசிப் பத்திக்குத் தாவாதே.

காலையில் வீட்டுக்காரர் விடுப்பு எடுத்துக்கொண்டு சின்னவனைப் பார்த்துக்கொண்டார். "விழுந்து கிழுந்து வெச்சிராத" என்றார், அவருக்குத் தெரிந்த வாழ்த்து அதுதான். பெரியவள் என் சட்டைப் பையில் ஒரு துணி கிளிப்பைப் போட்டாள். "மேல போனதும் மாட்டிடும்மா."

கிரேனுக்குக் கீழே கூட்டம். மேசை ஆட்கள், லாரி ஓட்டுநர்கள், என் இடத்துக்கு ஆசைப்படுகிற இரண்டு பேர், டாக்டரம்மா. விசில் கையில் நிறுத்துக் கடிகாரம். ஊதினார். ஏறினேன். நீ சொன்னபடி ஆமை மாதிரி. மூக்கால் இழுத்து, இரண்டு படிக்கு ஒருமுறை வாயால் விட்டு.

முதல் தளத்திலேயே சிரிப்பு ஆரம்பித்துவிட்டது. "அம்மா கோயில் சுத்துறாங்க போல!" என்று யாரோ கத்தினார்கள். இரண்டாவது தளத்தில் விசில் "நேரம் ஓடுதும்மா, எறங்கிடுறியா?" என்றார். காது சுட்டது. கால் தானாகத் துடித்தது, பாய்ந்து போ, பாய்ந்து போ என்று. சிரிக்கச் சிரிக்க எனக்கு உள்ளுக்குள் தைரியம் வந்தது என்றால் நம்புவாயா? சிரியுங்கடா, நான் சரியாகப் போகிறேன் என்று எனக்கு மட்டும் தெரியும். மூன்றாவது தளம் வரைக்கும் அப்படியே போனேன்.

நான்காவது தளத்தில் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. முப்பது வரைக்கும், மறுபடி ஒன்றிலிருந்து. யார் குரலில் எண்ணினேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் செருப்புச் சத்தம் கேட்கிற மாதிரியே இருந்தது. போன தடவை கட்டிக்கொண்டு நின்ற ஐந்தாவது தளத்துக் கம்பியைப் பார்த்து ஒரு முறை முறைத்துவிட்டுத் தாண்டினேன். ஆறாவது தளத்துக்கு வந்தபோது கீழே சத்தமே இல்லை.

மூன்று நிமிடம் ஐம்பத்திரண்டு வினாடி.

கூண்டில் உட்கார்ந்தேன். என் நாற்காலி, வேறு யாரோ உயரத்தை மாற்றி வைத்திருந்தார்கள். டாக்டரம்மா லிஃப்டில் வந்து இரண்டு நிமிடம் கழித்து நாடி பிடித்தார். நூற்றெட்டு. பின்னாலேயே வந்த விசில், "இன்னொரு வாட்டி எடுங்க, சரியா இருக்காது" என்றார். "எடுங்க" என்றேன் நானும். எடுத்தார். நூற்று மூன்று. "இன்னும் ரெண்டு வாட்டி எடுக்கவா? எடுக்க எடுக்க எறங்கும்" என்றார் டாக்டரம்மா. விசில் ஊதாமலே கீழே போனார்.

கிளிப்பை ஜன்னல் ஓரக் கம்பியில் மாட்டியிருக்கிறேன். திங்கட்கிழமையிலிருந்து மேலேதான் வேலை. ஆனாலும் ஆறு மாடி ஏறுவதை நிறுத்தப் போவதில்லை. பெரியவளை இன்னும் அவள் ஓட்டத்தில் பிடிக்க முடியவில்லை, அது பாக்கி இருக்கிறது.

இப்போது உன் விஷயம். மாத்திரையைப் பற்றி அத்தானிடம் சொல். சொல்லாவிட்டால் நான் சொல்வேன், எழுதிக் கொடுத்துவிட்டாய், கையில் ஆதாரம் இருக்கிறது. மே மாதக் கடைசி ஞாயிறு துறைமுகத்தில் குடும்ப நாள். ஓட்டுகிறவர்கள் வீட்டிலிருந்து ஒருவரைக் கூண்டுக்கு அழைத்துப் போகலாம். வீட்டுக்காரருக்கு உயரம் என்றால் தலைசுற்றும். பேரை எழுதிக் கொடுத்துவிட்டேன், உன் பேர். இந்தக் கூண்டு என் பிள்ளைகளைவிடப் பெரிதா என்று கேட்டாய் அல்லவா, வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல். லிஃப்ட் இருக்கிறது. ஆனால் நீ லிஃப்டில் வந்தால் நான் கதவைத் திறக்க மாட்டேன். நேரக் கணக்கு கிடையாது, எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் நின்று வா. முதலில் டாக்டரிடம் கேட்டுக்கொள்.

தங்கச்சி


ஏப்ரல் 19

தங்கச்சிக்கு,

கடைசிப் பத்திக்குத்தான் முதலில் தாவினேன். அப்புறம் முதலிலிருந்து மூன்று தடவை படித்தேன். கடைக்கு வந்தவர்களைக் காக்க வைத்துவிட்டுப் படித்தேன்.

என்னைக் கேட்காமல் என் பேரை எழுதிக் கொடுக்க நீ யார்? அம்மா புத்தி அப்படியே இருக்கிறது. இந்த முறை மட்டும் விட்டுவிடுகிறேன்.

அத்தானிடம் சொன்னேன். மறுநாள் காலையில் என் செருப்பைத் தேடி எடுத்து வாசலில் வைத்துவிட்டு, "கடைய நான் தொறக்கிறேன், நீ நடந்துட்டு வா" என்றார். டாக்டரிடமும் போனேன். "மெதுவா ஏறுங்க, நெஞ்சு பிடிச்சா உட்காருங்க, மாத்திரைய நிறுத்தாதீங்க" என்றார். இரண்டு வருஷம் முன்னால் இதே ஆளிடம் நேரமில்லை என்று சொன்னேன். அதை அவர் ஞாபகப்படுத்தவில்லை, நல்ல மனுஷன்.

எங்கள் கடைக் கட்டிடம் நான்கு மாடி. இன்று ஏறிப் பார்த்தேன். நாற்பதாவது படியில் உட்கார்ந்துவிட்டேன். மூன்றாம் மாடித் தையல்காரப் பெண் வெளியே வந்து, "என்னக்கா, லிஃப்ட் ரிப்பேரா?" என்று கேட்டுச் சிரித்தாள். சிரித்தாள் என்பதைக் கவனி. சரியாகத்தான் போயிருக்கிறேன்.

நூற்றுத் தொண்ணூற்றாறுக்கு நாற்பது. இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. ஐந்தாவது தளத்தில் வந்து நின்று என்னைக் கைதூக்கிவிடலாம் என்று கனவு காணாதே. பையை வேண்டுமானால் வாங்கிக்கொள், இரண்டு பையை நான் தூக்கிய காலம் முடிந்துவிட்டது.

பீரோவிலிருந்து நோட்டை எடுத்தேன். கடைசித் தேதிக்குக் கீழே அந்தப் பக்கம் இருபத்தாறு வருஷமாகக் காலியாகவே இருந்தது. முதலில் நம் பள்ளிக்கூட வாசலிலிருந்து வீடு வரைக்கும் உள்ள தூரத்தை எழுதினேன், தினமும், மூன்று வருஷம் என்று. அதற்குக் கீழே இன்றைய தேதி போட்டு, நாற்பது படி என்று எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் செய்கிறேன். எடு. பேசும்போது எனக்கு மூச்சு வாங்கினால் கோபம் என்று நினைத்துக்கொண்டு நீ வைத்துவிடாதே. அப்போதுதான் மாடி ஏறி வந்திருப்பேன்.

அக்கா